ரயில் கடையில் நாங்கள் கட்டிய வளைவு

வண்டி வருகிறது என்பது எங்களுக்கு முதலில் கண்ணாடி அலமாரியில்தான் தெரியும். பாறசாலை ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நின்ற கடை அது. நாகர்கோவில் பக்கமிருந்து பெரிய வண்டி நெருங்கும்போது, சத்தம் காதில் விழுவதற்கு முன்பே, அலமாரித் தட்டுகளில் நின்ற சின்ன வண்டிகள் மெல்ல நடுங்கத் தொடங்கும். சாண் நீளப் பெட்டிகள், உள்ளங்கையில் நிற்கும் எஞ்சின்கள். சில சமயம் ஒன்றிரண்டு தாமாகவே கொஞ்சம் நகர்ந்தும் விடும். பெரிய வண்டி போன பிறகு அவற்றைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைப்பது என் வேலைகளில் ஒன்று. ஓடாத வண்டிகள் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது போல இருக்கும்.

மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் திருவனந்தபுரத்தில் இப்போது ஒரு குழுவாக இருக்கிறார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிற இளையவர்கள். ஃபோனில் பேசி, ஃபோனிலேயே சாமான் வரவழைத்து, எப்போதாவது ஒரு மண்டபத்தில் கூடி ஓட்டிப் பார்க்கிறார்கள். சமீபத்தில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் ஒரு பெண் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வசந்தாம்மா, கடைன்னு ஒண்ணு இருந்தப்போ ஆளுங்க அங்க வந்து என்ன செய்வாங்க? வேணுங்கிறதை வாங்கிட்டு உடனே போயிருவாங்களா?"

"வாங்குறது குறைவாக்கும் மக்கா. சும்மா இருப்பாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், அந்தப் பதில் போதாது என்று பட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

என் ஊர் காஞ்சிரங்குளம். பள்ளிப்படிப்பு முடிந்து, மேலே படிக்க வழி இல்லாமல் வீட்டில் இருந்தபோது, கண்ணாடியை உடைக்காமல் தூசி தட்ட ஒரு பிள்ளை வேண்டும் என்று கடையில் கேட்டார்கள். தூசி தட்டப் போனவள் பிறகு தண்டவாளம் துடைக்கக் கற்றேன். கடல்காற்று அடிக்கிற ஊரில் தண்டவாளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும். அது இருந்தால் மின்சாரம் சக்கரத்துக்கு ஏறாது, எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். பழைய மல்வேட்டித் துணியில் ஸ்பிரிட் நனைத்து ஒரே திசையில் துடைக்க வேண்டும். எஞ்சினுக்கு எண்ணெய் விட ஊசி முனை போதும். பிறகு ஈயம் வைத்து வயர் ஒட்டினேன், காய்ந்த தேயிலைத் தூளில் சரளைக்கல் செய்தேன், மனிதர்களுக்கு வர்ணம் பூசினேன். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, கடை பூட்டும் நாள் வரை அங்கேதான் இருந்தேன்.

கடை முதலாளி நீலகண்ட பிள்ளை சார். அவருடைய குடும்பத்தில் முன்தலைமுறை ஆண்கள் எல்லாம் சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர்கள். இவர் மட்டும் கப்பலில் எலக்ட்ரீஷியனாகப் போனார். போன துறைமுகங்களில் எல்லாம் மற்றவர்கள் வாட்ச்சும் சென்ட்டும் வாங்கினபோது, இவர் சின்ன ரயில் வாங்கினார். இரும்புப் பெட்டி நிறைய ரயிலோடு ஊருக்கு வந்து இறங்கினார். "கப்பலுக்குப் போனவன் ரயிலோட வந்திருக்கான்" என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்லுவார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்து எதைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரொம்ப மெதுவான குரலில், "இது எங்கேருந்து எங்க போற வண்டி?" என்று கேட்பார். வீட்டு மேசையில் வட்டமாகச் சுற்றிவரப் போகிற பொம்மை ரயிலுக்கு என்ன ஊர்? வந்தவர் திகைத்துப் போவார். "நிதானமா யோசியுங்கோ. ஊர் தெரிஞ்சாத்தான் வளைவு எத்தனை, பாலம் உண்டா, பெட்டி எவ்வளவுன்னு பறைய ஏலும்" என்பார்.

நெய்யாற்றின்கரையில் இருந்து வந்த ஒரு பல் டாக்டர் முதல் நாள் கோபித்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் திரும்பி வந்து, வெட்கத்தோடு, "பெருங்கடவிளையிலேருந்து பொழியூர் கடற்கரைக்கு" என்றார். பெருங்கடவிளைக்கு ரயில் என்றைக்கும் கிடையாது. பொழியூரில் கடல் ஏறி ஏறிக் கரையே குறைந்துகொண்டு வருகிறது. பிள்ளை சார் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ காலத்தே சந்தைக்குக் காய்கறி ஏத்திப் போவும், திரும்பி மீன் ஏத்தி வரும். சரக்குப் பெட்டிதான் அதிகம் வேணும்" என்று சொல்லி அலமாரியைத் திறந்தார். அந்த டாக்டர் பல வருஷம் அந்த லைனைக் கட்டினார். இல்லாத அந்த ரயிலில் நானும் மனதுக்குள் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ரப்பர் தோட்டத்து நிழலில் ஏறி, வயல் தாண்டி, தென்னைக்கு நடுவே கடல் தெரிகிற இடத்தில் இறங்குவேன்.

மழை நாளில் கடைக்கு இன்னும் ஆள் வரும். கரண்ட் போனால் பேட்டரியில் வண்டி ஓட்டுவோம். முன்கதவைப் பாதி சாத்தி, பெட்டிகளுக்குள் இருக்கிற பொடி விளக்குகளை எரியவிட்டு, ஒரு வண்டி மட்டும் சுற்றும். ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம் மேசை மேல் நகர்ந்து போகும். ஓட்டில் மழை. யாரும் பேசமாட்டார்கள். வங்கி மேனேஜரும் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த கொத்தனாரும் தாடையைக் கையில் தாங்கி ஒரே வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை விட்டதும், தூங்கி எழுந்தவர்கள் போலச் செருப்பைத் தேடுவார்கள்.

கடை எப்போது குறையத் தொடங்கியது என்று என்னால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லை. முதலில் வந்தவர்கள் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்கள். பிறகு படம் பிடித்துவிட்டு வாங்காமல் போனார்கள். பிறகு வேறு எங்கோ வாங்கிய பெட்டியோடு வந்து, "இதை ஒண்ணு ஒட்டித் தாங்கோ" என்றார்கள். ஒட்டிக் கொடுத்தோம். வெளிநாட்டுச் சரக்கு கொண்டுவந்து தருகிற ஏஜென்ட் வயதாகி நிறுத்திக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண்காட்சிக்குத் தெர்மகோலும் குட்டி மோட்டாரும் விற்றோம். பிறகு அதுவும் வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கியது. பல் டாக்டர் மகனோடு பெங்களூருக்குப் போனார். மழை நாளில் நானும் சாரும் மட்டும் வண்டியைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாருக்கு வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. "வண்டி காலியாட்டும் ஓடத்தான் செய்யும் வசந்தா" என்று ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான்.

அந்தக் காலியான காலத்தில்தான் செல்வராஜ் வந்தார்.

மழைக்காலம் முடிந்து வெயில் தெளிந்த நாட்கள். நாற்பது தாண்டிய ஆள், ஒழுங்காகச் சவரம் செய்த முகம், ஆனால் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பெரிய வண்டி ஒன்று பின்பக்கம் கடந்து போனது. சின்ன வண்டிகள் நடுங்கின. அவர் அலமாரியை விட்டு இரண்டடி பின்னால் வந்துவிட்டார்.

"தண்டவாளம் வேணும் சார். வளைவு" என்றார்.

பிள்ளை சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எங்கேருந்து எங்க போற வண்டி?"

"எங்கயும் போவாது சார். இங்கேருந்து நெய்யாற்றின்கரைக்குப் போற வழியில, மண்மேடு வெட்டுன இடம் கழிஞ்ச உடனே இடது பக்கம் திரும்புற ஒரு வளைவு உண்டு. அது மட்டும் போதும்."

"அது கழிஞ்சா?"

"அது கழிஞ்சு ஒண்ணும் வேண்டாம்."

உட்காரச் சொன்னோம். அவர் குழித்துறைப் பக்கத்துக்காரர். ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர், லோகோ பைலட். மழைக்கு முன்னால், அந்த வளைவில், அவர் ஓட்டிய வண்டியில் ஒரு பெண் அடிபட்டு இறந்துபோனாள். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போக நடைவழியில் தண்டவாளத்தைக் கடந்தவள். விசாரணை நடந்தது. அவர் மேல் தவறில்லை என்று எழுதினார்கள்.

"எழுதினது சரி சார். ஆனா நான் லீவுல நிக்கேன். பல தடவை அங்க போய்ப் பாத்தாச்சு. எஞ்சின்ல இடது பக்கம் இருக்கது நான். அந்த வளைவுக்கு உள்பக்கம் நான். அசிஸ்டண்டுக்கு அங்க எஞ்சின் மூக்குதான் தெரியும். பாக்கணும்னா நான்தான் பாத்திருக்கணும். மேட்டுல நிண்ணு பாத்தா தூரத்துலேருந்தே நடைவழி தெரியுது. பிறகு நான் ஏன் காணல்ல? எனக்குக் கிட்ட வந்த பெறவுதான் தெரிஞ்சுது. என் நெனவு எங்க போச்சு அந்த நேரத்துல? சின்னதாட்டு அந்த வளைவைக் கெட்டி, எஞ்சின்லேருந்து ஒரு தடவை பாக்கணும்."

"வேற வண்டியில ஏறி, டிரைவர் பக்கத்துல நிண்ணு ஒரு தடவை பாத்தாப் போராதா?" என்று நான் கேட்டேன்.

"ஏற முடியல்ல அக்கா. கைப்பிடி வரை போயிட்டுத் திரும்பிருவேன்."

பிள்ளை சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டார். பிறகு, "தம்பி, நான் தண்டவாளம் விக்கிறவன். ஆறுதல் விக்க எனக்கு ஏலாது" என்றார். "நீரு சொல்லுக மாதிரி செய்து, எஞ்சின்ல கண்ணை வெச்சுப் பாத்து, தூரத்துலேயே தெரியுதுன்னு வந்தா என்ன செய்வீரு?"

"நல்லதா இல்லேன்னாலும் தெரியணும் சார். தெரியாமத்தான் உறக்கம் இல்ல."

சார் எழுந்து பின்னறைக்குப் போனார். சூடாகிக்கொண்டிருந்த, ஈயம் ஒட்டும் கோலை அணைத்துவிட்டு வந்தார். "அப்படின்னா ஒரு நிபந்தனை உண்டு. உள்ளது உள்ளபடியாக்கும். உமக்காக ஒரு செடி கூடாது, ஒரு செடி குறையாது."

அடுத்த நாளிலிருந்து வேலை. எங்கள் கணக்கில் எல்லாமே எண்பத்தேழில் ஒரு பங்கு. அப்படிச் சுருக்கியும் அந்த வளைவு கடைக்குள் அடங்கவில்லை. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, நடுக்கதவைக் கழற்றி, முன்வாசலிலிருந்து பின்னறை ஜன்னல் வரை மூலைக்கு மூலை மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். இன்னொன்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: நாங்கள் விற்ற வளைவுகள் எல்லாம் மேசைக்காக வளைத்தவை. நிஜமான ரயில் வளைவைச் சுருக்கி வைத்தால் அது வளைவாகவே தெரியாது. தண்டவாளத்தின் ஒரு முனையில் கன்னத்தை வைத்துப் பார்த்தால்தான், அது எங்கோ நழுவிப் போவது புரியும். ஃபோனில் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துச் சார் அதை வளைத்தார். ஒரு நாள் முழுக்க வளைத்தார். மறுநாள் எடுத்துவிட்டு மறுபடியும் வளைத்தார்.

மேட்டின் உயரமும் நடைவழியின் இடமும் அளக்க நான் போனேன். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது என்று சார் சொல்லியிருந்ததால், வளைவின் உள்பக்கம் இருந்த விளைத் தோட்டம் வழியாகப் போனேன். ஒரு வீடு, அதை ஒட்டி ஆட்டுக்கூடு, பிறகு மேட்டு விளிம்பு வரை சும்மா கிடந்த நிலம். மழைக்குப் பிறகு களை இடுப்பளவு வளர்ந்து மூடியிருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தபோது கால் எதிலோ இடறியது. குனிந்து களையை விலக்கினேன். வெட்டிய வாழையின் அடிக்கட்டை. கறுத்துச் சுருங்கியிருந்தது, பக்கத்தில் முழ உயரத்துக்கு ஒரு கன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. விலக்க விலக்க வரிசை வரிசையாக, தண்டவாளத்தின் மேட்டு விளிம்பு வரை.

நான் அப்படியே நின்றேன். வாழை நின்றால் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மடங்கு இலை. அந்த விளிம்பில் வாழை நின்றால், எஞ்சினிலிருந்து என்ன தெரியும்?

"யாரு அது? என்ன அளக்குது?" வீட்டுப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். தோளில் துவர்த்துத் துண்டு.

"பாறசாலை ரயில் கடையிலேருந்து வாறேன் அண்ணாச்சி."

"ரயில் விக்கக் கடையா?"

"சின்ன ரயில். பாத்து ரசிக்கது." சொன்ன பிறகுதான் அந்த இடத்தில் அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று உறைத்தது. பேச்சை மாற்ற, "இந்த வாழையை எப்ப வெட்டினியோ?" என்று கேட்டேன்.

அவர் என் காலடியில் இருந்த கட்டையைப் பார்த்தார்.

"குலை தள்ளுன ஏத்தவாழையை ஆராவது வெட்டுவானா பிள்ளே? நான் வெட்டினேன். என் பெண்டாட்டிக்குப் பதினாறாம் நாள் அடியந்திரம் கழிஞ்சுது. ஆளுக எல்லாம் போச்சு. நான் வெட்டுகத்தி எடுத்துட்டு வந்து இஞ்சேருந்து அந்த விளிம்பு வரை வெட்டினேன். அவளை மறைச்சது இதாக்கும்."

அவர் பெயர் தங்கப்பன். இறந்த பெண் சரோஜம் அவருடைய மனைவி. நான் வந்த காரியத்தை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. செல்வராஜைப் பற்றிச் சொன்னேன்.

"அவன் என்ன சொல்லுகான்?" என்றார்.

"தன்மேல தப்புன்னு சொல்லுகார். இந்த இடம் வெளிச்சமாத் தெரியுது, நான் ஏன் காணல்லன்னு கேக்கார்."

தங்கப்பன் துவர்த்தால் வாயைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் போனார். நான் மீதியை அளந்துகொண்டு, அங்கிருந்த செம்மண்ணில் கொஞ்சம் பையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நடந்ததைச் சாரிடம் சொன்னேன். "இப்பவே செல்வராஜுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிருவோம் சார்" என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"நாம சொன்னா அது ஆறுதல். அவரு நம்ப மாட்டாரு. அந்த வாழை நம்ம வாழை இல்ல வசந்தா. நட்டவரு வந்து சொல்லணும். வராட்டா அதை விட்டுரணும்."

எனக்கு அவர் மேல் அன்றைக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷன் தூங்காமல் இருக்கிறான், இவர் நியாயம் பார்க்கிறார் என்று. ஆனாலும் தங்கப்பன் வருவார் என்று எனக்குள் ஏதோ சொல்லியது. சலித்த செம்மண்ணைப் பசையில் குழைத்து மேடு கட்டினேன். தேங்காய்நாரின் சகிரித்தூளில் பச்சை ஏற்றிக் களை தூவினேன். பிறகு, யாரும் கேட்காமலே, வாழை செய்தேன். மெல்லிய கம்பியில் காகிதம் சுற்றித் தண்டு; எண்ணெய்த்தாளை நீளமாக நறுக்கி, நடு நரம்பு மடித்து, ஓரத்தைக் கத்தரியால் கீறி இலை. காற்றில் கிழிந்த இலைதான் வாழை இலை. ஒவ்வொன்றையும் செய்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். மத்தியான நேரத்தில், டின்னைத் திறந்து பார்த்தால், ஒரு தோட்டம் முழுக்கப் படுத்துத் தூங்குவது போல இருக்கும்.

எஞ்சினுக்குள் கண் வைக்கிற வேலை சாருடையது. வண்டி ரிப்பேர்க்காரர்கள் குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற, பட்டாணி அளவு தலை உள்ள கேமரா ஒன்றை ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரவல் வாங்கினார். இருக்கையில் உட்கார்ந்தால் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று செல்வராஜிடம் கேட்டு, அதைச் சுருக்கி, எஞ்சினின் இடது ஜன்னலுக்குப் பின்னால் அந்தக் கேமராவைப் பொருத்தினார். அது காட்டுவது ஃபோன் திரையில் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வருவதாக இருந்தது. தங்கப்பனிடம் அந்த நாளை மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செல்வராஜ் முதலில் வந்து, மேசை நீளத்துக்கும் நடந்து பார்த்தார். "இதேதான். இதேதான்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். சார் ஓட்டத் தயாரானபோது வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து தங்கப்பன் நின்றார்.

பிள்ளை சார் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, இவரு தங்கப்பன். அந்த விளை இவருடையது. போனது இவரு பெண்டாட்டி." தங்கப்பனைப் பார்த்து, "வாரும். இரியும்" என்றார்.

செல்வராஜ் எழுந்தார். கும்பிடப் போனவர் போலக் கை பாதி உயர்ந்து நின்றது. தங்கப்பன் உட்காரவில்லை. மேசையில் விரிந்திருந்த தன்னுடைய நிலத்தைப் பார்த்தார். வீடு, ஆட்டுக்கூடு, நடைவழி. "ஆட்டுக்கூட்டுக்கு ஓடு செவப்பில்ல பிள்ளே, கறுத்துப் போச்சு" என்று என்னிடம் சொன்னார்.

சார் வண்டியை ஓட்டினார். திரையில் தண்டவாளம் நம்மை நோக்கி வந்தது. மண்மேடு தாண்டியதும், தூரத்திலேயே, வெறும் நிலத்துக்கு அப்பால் நடைவழி தெளிவாகத் தெரிந்தது. செல்வராஜ் கண்ணை மூடிக்கொண்டார். "பாத்தியளா. தெரியுது. தெரியுது சார்."

"இது இப்ப உள்ளது" என்றார் சார். "அன்னைக்கு உள்ளதை இவரு வைப்பாரு." என்னைப் பார்த்தார். நான் டின்னைத் திறந்து தங்கப்பன் முன்னால் வைத்தேன்.

அவர் ஒரு வாழையை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேசை மண்ணில் நடத் தொடங்கினார். வீட்டுப் பக்கமிருந்து ஒவ்வொரு வரிசையாக. அவசரம் இல்லை. மேட்டு விளிம்புக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இவ்வளவு அரிகில வேண்டாம்னு அவ சொன்னா. புல்லுக்குப் போக வழி தெரியல்லன்னு. ஒரு வரி கூடுதலா வைக்கலாமேன்னு நான்தான்..." கடைசி வரிசையையும் நட்டு முடித்தார்.

வண்டி மறுபடியும் கிளம்பியது. மண்மேடு தாண்டியதும் திரையில் பச்சை. இலை, இலை, இன்னும் இலை. கிழிந்த இலைகள் ஜன்னலை உரசுவது போலப் போய்க்கொண்டே இருந்தன. திடீரென்று பச்சை முடிந்தது; நடைவழி எஞ்சினுக்குக் கீழே இருந்தது.

"இன்னும் ஒருக்கா கூட" என்றார் செல்வராஜ். ஓட்டினோம். "ஒருக்கா கூட." பல தடவை ஓட்டினோம்.

பிறகு தங்கப்பன் குனிந்தார். நடைவழி தொடங்குகிற இடத்தில் மேசை மேல் கன்னத்தை வைத்து, சரோஜம் நின்றிருக்கக்கூடிய இடத்திலிருந்து பார்த்தார். "இனி விடுங்கோ சார்." எஞ்சின் இலைகளுக்குப் பின்னாலிருந்து வந்து அவர் முகத்துக்கு முன்னால் கடந்து போனது. அவர் நிமிரவில்லை. அப்படியே கிடந்து கேட்டார்.

"தம்பி, ஹார்ன் அடிச்சியளா?"

"அடிச்சேன் அண்ணாச்சி. ஹார்ன் அடிக்கச் சொல்லி வெச்சிருக்க போர்டு பக்கம் அடிச்சேன். ஆளைக் கண்டப்போ கையெடுக்காம அடிச்சேன். அடிச்சேன்னுதான் நெனைக்கேன். இப்ப அதுவும் சரியா நெனவு இல்ல."

"அடிச்சிய. ரெண்டும் எனக்குக் கேட்டுது. நான் ஆட்டுக்கூட்டுல நிண்ணேன்." மெல்ல நிமிர்ந்தார். "அவளுக்கு வலத்து செவி கேக்காது. வண்டி வந்தது வலது பக்கமாக்கும்."

செல்வராஜ் அழுதார். ஆண்கள் பொது இடத்தில் அழும்போது செய்கிற மறைப்பு எதுவும் இல்லாமல், கையைத் தொங்கவிட்டு அழுதார். தங்கப்பன் அவரைத் தொடவில்லை. ஆனால் நகர்ந்தும் போகவில்லை, பக்கத்தில் நின்றார். சார் என்னிடம், "எல்லாருக்கும் சாயா வாங்கிட்டு வா" என்றார். எனக்கும் வெளியே போக வேண்டும் போலத்தான் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது, தங்கப்பன் விளிம்பு வரிசை வாழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். செல்வராஜ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தற வரி எடுத்தாப் போருமா?"

"போராது அண்ணாச்சி. இன்னும் பின்னால போணும்."

"இப்ப?"

"இப்ப கொஞ்சம் தெரியுது. இன்னும் ரெண்டு வரி எடுக்கணும்."

சாயா ஆறிப் போனது. இரண்டு பேரும் அன்று மாலை வரை அதையே செய்தார்கள். எந்த வரிசை வரை எடுத்தால் எஞ்சினிலிருந்து நடைவழி நன்றாகத் தெரியும், ஹார்ன் அடிக்க நேரம் கிடைக்கும் என்று. சாய்ந்த வெயில் பின்னறை ஜன்னல் வழியாக வந்து அந்தக் காகிதத் தோட்டத்தின் மேல் விழுந்திருந்தது. சார் நாற்காலியில் சாய்ந்து பாதிக் கண் மூடியிருந்தார். நெய்யாற்றின்கரைக்குப் போகிற நிஜ வண்டி பின்னால் கடந்தது. எங்கள் வாழைகள் எல்லாம் ஒரு தடவை அசைந்து அடங்கின. எனக்கு அது ஏதோ தூக்கத்தில் நடப்பது போல இருந்தது. இடத்தைக் கண்டுபிடித்ததும் தங்கப்பன் தீப்பெட்டிக் குச்சி ஒன்றைக் குத்தி வைத்தார். "இதுக்கு முன்னால சேம்பு வைக்கலாம். முட்டளவுதான் வளரும்" என்றார்.

ரெண்டு வாரம் கழித்துச் சார் அந்த வளைவைப் பிரித்தார். எடுத்து வைக்கலாமே என்று நான் கேட்டேன். "வேலை முடிஞ்சுதே" என்றார். தண்டவாளம் துடைத்துச் சரக்கோடு சேர்ந்தது. மண்ணைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினேன். செல்வராஜ் வேலைக்குத் திரும்பிய செய்தியைச் சொல்ல ஒரு தடவை வந்தார். அன்றைக்குச் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் சரியாக இருந்தன.

அதற்குப் பிறகு கடைக்குப் பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. சாருக்குக் கை பழையபடி நிதானமாக நிற்கவில்லை. ஒரு நாள், "போதும் வசந்தா" என்றார். மீதிச் சரக்கைத் திருவனந்தபுரத்துக் குழுவே வாங்கிக்கொண்டது. அந்த இடத்தில் இப்போது ஃபோன் ரிப்பேர் கடை. சார் வீட்டில் இருக்கிறார். போனால், யார் வந்து கேட்டாலும் சொல்லுவதற்கு ஊர்ப் பெயர்களை யோசித்துக்கொண்டிருப்பது போலச் சிரிப்பார்.

போன வாரம் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பாசஞ்சர் வண்டியில் இடது பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மண்மேடு கடந்ததும் எஞ்சின் நீளமாக ஹார்ன் அடித்தது. போர்டு பக்கம் அடித்த பிறகு, இரண்டாம் தடவையாக. பெட்டியில் யாரும் தலை தூக்கவில்லை. வெளியே மேட்டில், மழையில் நனைந்த சேம்பிலைகள். அவற்றுக்கு வெகு பின்னால் வாழை. சேம்புக்கு நடுவே தங்கப்பன் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

இறங்கியதும் செல்வராஜுக்கு ஃபோன் செய்தேன்.

"தம்பி, இப்ப உம்ம வண்டியிலதான் வந்தேன். ஹார்ன் கேட்டேன்."

"என் வண்டியா? நான் இன்னைக்கு ட்யூட்டியில இல்லையே அக்கா. வீட்டுல இருந்து மரச்சீனிக் கிழங்கு அவிக்கேன்" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "இப்ப அங்க எல்லாரும் அடிப்பாங்க" என்றார்.